உலாவி வழி மெய்நிகர் காட்சியில் நம் கண்கள் எங்கே இருக்கின்றன?

உலாவியில் முப்பரிமாணக் காட்சிகளை வரைந்து பழகிய ஒருவர் முதன்முறையாக மெய்நிகர் நிரல் எழுத முற்படும்போது, கேமராவுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் அவரை முதலில் குழப்பும். சாதாரணத் திரையில் கேமரா அவர் வைத்த இடத்தில் நின்றது; திருப்பிய பக்கம் பார்த்தது. கண்களை மூடித் தலையில் அணியும் ஹெட்செட்டுக்குள் காட்சி சென்ற மறுகணமே அவர் கொடுத்த இடம் செல்லாமல் போகிறது, ஒரு கேமரா இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடுகின்றன, அவ்விரண்டும் வினாடிக்கு 72 அல்லது 90 முறை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த இரண்டு கேமராக்களும் பார்ப்பவரின் இரண்டு கண்கள். அவற்றின் இடத்தை எந்த எண்கள் முடிவு செய்கின்றன, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் நிரல் எழுதுபவர் கைவைக்கக்கூடிய பகுதி எது, கைவைக்கக் கூடாத பகுதி எது என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இங்கே சொல்லப்படுவது வெப்எக்ஸ்ஆர் என்னும், வலைப்பக்கத்தையும் ஹெட்செட்டையும் இணைக்கும் உலாவி இடைமுகத்தைப் பற்றியது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் கீழ் உருவான இந்த இடைமுகம் 2019 டிசம்பரில் குரோம் 79ஆம் பதிப்பில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. த்ரீ.ஜேஎஸ், ஏ-ஃப்ரேம், பேபிலான்.ஜேஎஸ் போன்ற நூலகங்களைக் கொண்டு எழுதுவோர் இதை நேரடியாகத் தொடாமலே பல காலம் ஓட்டிவிடலாம். ஆனால் காட்சியில் ஏதோ ஒன்று சரியில்லை, பார்ப்பவருக்குக் கண் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று வரும்போது நூலகத்தின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியும்.

கண்ணிடைத் தொலைவு

வளர்ந்த மனிதரின் இரு கண்மணிகளின் மையங்களுக்கு இடையே சராசரியாக ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பெரும்பாலோருக்கு இது 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் அமையும். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. இந்த இடைவெளியைக் கண்ணிடைத் தொலைவு என்று அழைப்போம். ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட இடங்களிலிருந்து பார்ப்பதால் இரு விழித்திரைகளிலும் விழும் படங்கள் வேறுபடுகின்றன. மூளை அந்த வேறுபாட்டைக் கொண்டே ஆழத்தை உணர்கிறது. 1838ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், இரண்டு கண்ணாடிகளைக் கொண்ட ஒரு கருவியில் இரண்டு தட்டையான கோட்டோவியங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டி, ஆழ உணர்வு பிறப்பதற்கு இந்த வேறுபாடே போதும் என்பதை மெய்ப்பித்தார். இன்றைய ஹெட்செட் செய்வதும் அடிப்படையில் அதையேதான். அந்தக் கோட்டோவியங்களை வினாடிக்குப் பலமுறை புதிதாக வரைவது மட்டுமே நம் நிரலின் கூடுதல் வேலை.

இந்த வேறுபாடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணிடைத் தொலைவு 63 மில்லிமீட்டர் என்று கொண்டால், அரை மீட்டர் தொலைவில் நேர் எதிரே உள்ள பொருளை நோக்கி இரு கண்களின் பார்வைக் கோடுகள் ஏறத்தாழ 7.2 பாகைக் கோணத்தில் குவிகின்றன. ஒரு மீட்டரில் அது 3.6 பாகையாகவும், பத்து மீட்டரில் 0.36 பாகையாகவும், நூறு மீட்டரில் 0.04 பாகைக்கும் குறைவாகவும் சுருங்குகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளுக்குக் கண்ணின் இடம் ஒரு சில மில்லிமீட்டர் தவறினாலும் உடனே தெரியும். தொலைவில் தெரியும் மலைக்கு அது சிறிதும் தெரியாது. மெய்நிகர் காட்சியைச் சோதிப்பவர்கள் வானத்தையும் கட்டடங்களையும் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்தானது.

எல்லோருக்கும் 63 மில்லிமீட்டர் என்று நிரலிலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. கருவிகள் இந்த அளவை வெவ்வேறு வழிகளில் அறிகின்றன. மெட்டா குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் லென்ஸ்களை 58, 63, 68 மில்லிமீட்டர் என்னும் மூன்று நிலைகளுக்குள் நகர்த்தலாம். வேறு சில கருவிகளில் சிறு சக்கரத்தைத் திருகித் தொடர்ச்சியாக மாற்றலாம். கண்களைக் கேமராவால் அளந்து லென்ஸ்களைத் தாமே நகர்த்திக்கொள்ளும் கருவிகளும் உண்டு. கைப்பேசியைச் செருகிப் பார்ப்பதற்காக 2014இல் கூகுள் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு அட்டைப்பெட்டியில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே லென்ஸ்களுக்கு இடையிலான தூரம் அந்தப் பெட்டியின் மேல் அச்சிட்ட கியூஆர் குறியீட்டின் வழியாகக் கைப்பேசிக்குச் சென்றது. வழி எதுவானாலும், இறுதியில் கிடைத்த அளவை உலாவி அறியும், நாம் அறியோம். எனவே நாம் ஊகிப்பதை விட உலாவி தருவதை வாங்கிக்கொள்வதே சரி. இக்கட்டுரையில் இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

தலையின் இடத்திலிருந்து கண்ணின் இடத்துக்கு

வெப்எக்ஸ்ஆரில் எல்லாத் தொலைவுகளும் மீட்டரில் அளக்கப்படுகின்றன. எக்ஸ் அச்சு வலப்பக்கமும் ஒய் அச்சு மேல்நோக்கியும் செல்லும். பார்ப்பவரின் முன்பக்கம் என்பது எதிர்ம இசட் திசை. அதாவது இரண்டு மீட்டர் முன்னால் ஒரு மேசையை வைக்க வேண்டுமானால் அதன் இசட் மதிப்பு −2.

தலை தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில், நேராக முன்னே பார்த்தபடி இருப்பதாகக் கொள்வோம். தலையின் நடுப்புள்ளி என்பது இரு கண்களுக்கும் நடுவில் உள்ள புள்ளி. அதன் ஆயங்கள் 0, 1.6, 0. வலக் கண் அங்கிருந்து வலப்பக்கம் 31.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதன் ஆயங்கள் 0.0315, 1.6, 0. இடக் கண் −0.0315, 1.6, 0. இதுவரை எளிது. தலையின் எக்ஸ் மதிப்போடு 0.0315ஐக் கூட்டினால் வலக் கண், கழித்தால் இடக் கண் என்று பலர் இந்த இடத்திலேயே நிரலை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இப்போது அவர் தலையை இடப்பக்கமாக 90 பாகை திருப்புகிறார். அவருடைய பார்வை எதிர்ம எக்ஸ் திசையில் செல்கிறது. அவருடைய வலப்பக்கம் இப்போது எதிர்ம இசட் திசை. எனவே வலக் கண்ணின் உண்மையான இடம் 0, 1.6, −0.0315. எக்ஸ் மதிப்போடு கூட்டிய நிரலோ வலக் கண்ணை முகத்துக்குப் பின்னாலும் இடக் கண்ணை முகத்துக்கு முன்னாலும் வைத்துவிடுகிறது. இரு கண்களும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, நேர் எதிரே உள்ள பொருளின் ஆழம் முழுவதும் மறைந்துபோகும். அதே போல, தலையை வலத் தோள் பக்கமாக 30 பாகை சாய்த்தால் வலக் கண் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் கீழே இறங்கும், இடக் கண் அதே அளவு மேலே ஏறும். கூட்டல் கழித்தல் நிரலில் இந்த ஏற்ற இறக்கம் வராது. பார்ப்பவரின் கண்களோ அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்; கிடைக்காதபோது இரு படங்களையும் ஒன்றாக்க முடியாமல் திணறும்.

ஆகவே கண்ணின் இடம் என்பது தலையின் இடத்தோடு ஒரு எண்ணைக் கூட்டுவதால் கிடைப்பதன்று. கண்ணின் இடப்பெயர்வை முதலில் தலையின் சுழற்சியால் சுழற்றி, பிறகுதான் தலையின் இடத்தோடு கூட்ட வேண்டும். அணிகளின் (எண்களைக் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸ்களின்) மொழியில் சொன்னால், தலையின் அணியைக் கண்ணின் இடப்பெயர்வு அணியால் வலப்பக்கமாகப் பெருக்க வேண்டும். பெருக்கும் வரிசை மாறினால் மேலே கண்ட பிழை அப்படியே திரும்பி வரும்.

வெப்எக்ஸ்ஆருக்கு முன்பிருந்த வெப்விஆர் இடைமுகத்தில் இந்தக் கணக்கை நிரல் எழுதுபவரே செய்யும் வாய்ப்பு திறந்திருந்தது. 2014இல் மொசில்லாவில் விளாடிமிர் வுகிசெவிச் தொடங்கிய அந்த முயற்சியில், ஒவ்வொரு கண்ணுக்கும் 'ஆஃப்செட்' என்ற பெயரில் மூன்று எண்கள் கிடைக்கும். அவை நடுப்புள்ளியிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லும். தலையின் நிலையைத் தனியே வாங்கி, இந்த மூன்று எண்களைத் தனியே வாங்கி, இரண்டையும் சேர்ப்பது நம் பொறுப்பாக இருந்தது. பழைய எடுத்துக்காட்டு நிரல்கள் இன்றும் இணையத்தில் கிடப்பதால், தொடக்க நிலையில் இருப்போர் அவற்றைப் படித்துவிட்டு ஆஃப்செட்டைத் தேடுவதுண்டு. வெப்எக்ஸ்ஆரில் அது கிடையாது. அதை நீக்கியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். காரணம், கண்ணின் நிலையை மூன்று எண்களால் முழுமையாகச் சொல்லவே முடியாது. ஏன் என்பதை அடுத்து வரும் பகுதி விளக்கும்.

உலாவி என்ன தருகிறது

வெப்எக்ஸ்ஆரில் ஒரு ஃப்ரேமை, அதாவது அடுத்தடுத்துக் காட்டும் படங்களில் ஒன்றை, வரையும் நேரம் வந்ததும் உலாவி நம் செயற்கூறை அழைக்கிறது. அதற்குள் நின்று 'கெட்வியூவர்போஸ்' என்று கேட்டால் பார்ப்பவரின் நிலை கிடைக்கும். அந்த நிலைக்குள் 'வியூஸ்' என்றொரு பட்டியல் இருக்கும். ஹெட்செட்டில் பொதுவாக அதில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு கண். ஒவ்வோர் உறுப்பிலும் அது எந்தக் கண் என்ற குறிப்பும், அந்தக் கண்ணின் இடமும் திசையும் அடங்கிய 'டிரான்ஸ்ஃபார்ம்' என்பதும், முப்பரிமாணக் காட்சியைத் தட்டைப் படமாக மாற்றும், அந்தக் கண்ணுக்கு உரிய புரொஜெக்‌ஷன் அணியும் இருக்கும். தலைக்கும் கண்ணுக்கும் இடையிலான பெருக்கல் எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. வலக் கண்ணின் இடம் வேண்டுமா, அது அங்கே நேரடியாக எழுதியிருக்கிறது.

பட்டியலில் எப்போதும் இரண்டு உறுப்புகள் இருக்கும் என்று நம்பி நிரல் எழுதக் கூடாது. நிஜ உலகின் மேல் பொருள்களைச் சேர்த்துக் கைப்பேசித் திரையில் காட்டும் மிகை மெய்ம்மைக் (ஏஆர்) காட்சியில் ஒரே ஓர் உறுப்புதான் வரும். அது இடமும் அல்ல, வலமும் அல்ல என்று அதன் குறிப்பே சொல்லும். ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு திரைகளைக் கொண்டு, நடுப்பகுதியைக் கூடுதல் துல்லியத்தோடு காட்டும் ஹெட்செட்டுகளும் இருக்கின்றன. ஆகவே, பட்டியலில் எத்தனை உறுப்புகள் இருக்கின்றனவோ அத்தனை முறை சுற்றி வந்து, ஒவ்வொன்றுக்கும் காட்சியை ஒருமுறை வரைவதே முறை. வரைய வேண்டிய பரப்பையும் உலாவியிடமே கேட்க வேண்டும். இரு கண்களுக்கும் ஒரே பெரிய பரப்பு ஒதுக்கப்பட்டு, அதன் இடப்பாதி இடக் கண்ணுக்கும் வலப்பாதி வலக் கண்ணுக்கும் என்று அமைவது வழக்கம் என்றாலும், பாதியாகப் பிரிக்கும் வேலையை நாமே செய்துகொள்வது வீண் துணிச்சல்.

காட்சியை வரைவதற்குத் தேவைப்படுவது கண்ணின் அணி அன்று, அதன் நேர்மாறு அணி. கண் உலகில் எங்கே இருக்கிறது என்பதை முன்னது சொல்கிறது. உலகம் கண்ணுக்கு எங்கே தெரிகிறது என்பதைப் பின்னது சொல்கிறது. 'இன்வர்ஸ்' என்ற பெயரில் அதையும் உலாவியே தருகிறது. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் விளைவு விசித்திரமாக இருக்கும்: தலையை இடப்பக்கம் திருப்பினால், நின்ற இடத்தில் நிற்க வேண்டிய பொருள்கள் எல்லாம் தலையைவிட இருமடங்கு வேகத்தில் இடப்பக்கமாகவே ஓடும். இந்த அறிகுறியை ஹெட்செட்டில் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இனி, மூன்று எண்கள் ஏன் போதா என்பதற்கு வருவோம். முதல் காரணம், எல்லா ஹெட்செட்டுகளிலும் இரு கண்களின் திரைகளும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. வால்வ் இன்டெக்ஸ் ஹெட்செட்டில் பக்கவாட்டுப் பார்வையை விரிவாக்குவதற்காக ஒவ்வொரு கண்ணின் திரையும் லென்ஸும் 5 பாகை வெளிப்பக்கமாகச் சாய்க்கப்பட்டிருக்கின்றன. அங்கே கண்ணுக்கு இடம் மட்டும் போதாது, தனித் திசையும் வேண்டும். கண்ணின் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திசையைத் தலையிலிருந்து எடுத்துக்கொள்ளும் நிரல், தட்டையான திரை கொண்ட கருவியில் சரியாகவே ஓடும். சாய்ந்த திரையில் இரு படங்களும் பொருந்தாமல் போகும். எழுதியவரிடம் இருக்கும் கருவியில் பிழை தெரியாது, யாரோ ஒருவரின் கண்களுக்கு மட்டும் வலி வரும் என்பதுதான் இவ்வகைப் பிழையின் கொடுமை.

இரண்டாவது காரணம் புரொஜெக்‌ஷன் அணி. சாதாரணத் திரைக்கு வரையும்போது கேமராவின் பார்வைக் கூம்பு இடம், வலம் இரண்டிலும் சமமாக விரியும். கண்ணின் கூம்பு அப்படியன்று. மூக்கு மறைப்பதாலும் லென்ஸின் அமைப்பாலும் இடக் கண் இடப்பக்கம் அதிகமாகவும் வலப்பக்கம் குறைவாகவும் பார்க்கிறது. வலக் கண்ணுக்கு இது தலைகீழ். ஓர் எடுத்துக்காட்டுக்கு, இடக் கண் வெளிப்பக்கம் 50 பாகையும் மூக்குப் பக்கம் 43 பாகையும் பார்ப்பதாகக் கொள்வோம். இவற்றின் டேன்ஜென்ட் மதிப்புகள் முறையே 1.192, 0.933. இடப்பக்கத்தை எதிர்மமாகக் கொண்டு இரண்டையும் கூட்டினால் −0.259, மொத்த அகலம் 2.125. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் −0.122. பதினாறு எண்கள் கொண்ட புரொஜெக்‌ஷன் அணியில், சுழியத்திலிருந்து எண்ணினால் 8ஆம் இடத்தில் நிற்கும் எண் இதுதான். சமச்சீரான கூம்பில் அந்த இடத்தில் சுழியம் இருக்கும். நம் நிரலில் புரொஜெக்‌ஷன் அணியை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்து, இடக் கண்ணுக்கு அங்கே எதிர்ம எண்ணும் வலக் கண்ணுக்கு நேர்ம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள மிக நல்ல பயிற்சி.

பார்வைக் கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாமே சமச்சீரான அணியை உருவாக்கினால், கண்ணின் இடம் துல்லியமாக இருந்தும் படம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மூளை அந்த நகர்வைக் கண்ணின் இடப் பிழையாகவே உணரும். இரு கேமராக்களையும் சற்று உட்பக்கமாகத் திருப்பி, ஒரு பொருளை நோக்கிக் குவியுமாறு வைப்பது இன்னொரு தவறான வழி. நம் கண்கள் அப்படித்தானே குவிகின்றன என்று தோன்றுவதால் இது பலரையும் ஈர்க்கிறது. ஆனால் திரைகள் இருந்த இடத்திலேயே இருக்க, கேமராக்களை மட்டும் திருப்பினால், படத்தின் மூலைகளில் ஒரே புள்ளி ஒரு கண்ணுக்கு மேலாகவும் மறு கண்ணுக்குக் கீழாகவும் விழும். பக்கவாட்டு வேறுபாட்டை ஆழமாகப் படிக்கத் தெரிந்த மூளைக்கு மேல்கீழ் வேறுபாடு வெறும் சுமை. கண்களைக் குவிக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்களே செய்துகொள்ளும். கேமராக்கள் அதைச் செய்ய வேண்டியதில்லை.

நாம் நகர்த்தக்கூடியது எது

கண்ணைத் தொடக் கூடாது என்றால், பார்ப்பவரை அறையின் மறுகோடிக்குக் கொண்டுசெல்வது எப்படி என்ற கேள்வி எழும். கண்ணின் இடம் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது என்பதை மாற்றுவதே விடை. அந்த அளவைப் புள்ளிக்கு மேற்கோள் வெளி என்று பெயர். 'லோக்கல்' என்னும் மேற்கோள் வெளியில் தொடக்கப் புள்ளி, காட்சி தொடங்கிய நேரத்தில் தலை இருந்த இடத்துக்கு அருகே, கண் மட்டத்தில் அமையும். 'லோக்கல்-ஃப்ளோர்' என்னும் வெளியில் அது தரை மட்டத்தில் அமையும். நின்று நடமாடும் காட்சிக்குப் பின்னதைக் கேட்காமல் முன்னதைக் கேட்டுவிட்டால், ஒய் மதிப்பு சுழியமாக வரைந்த தரை பார்ப்பவரின் கண் உயரத்தில் வந்து நிற்கும். கழுத்தளவு தண்ணீருக்குள் நிற்பதுபோன்ற இந்தக் காட்சியைக் கண்டு, கேமராவின் உயரத்தோடு 1.6 மீட்டரைக் கூட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அது குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பொருந்தாத உயரம். மேற்கோள் வெளியை மாற்றினால் ஒவ்வொருவருக்கும் அவரவர் உயரம் தானே கிடைத்துவிடும்.

பார்ப்பவரை இடம் மாற்ற, இருக்கும் மேற்கோள் வெளியிலிருந்து சற்றுத் தள்ளிய புதிய வெளியை உருவாக்கிக்கொள்ளலாம். இதில் குறியீடு தலைகீழாக வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: நாம் நகர்த்துவது தொடக்கப் புள்ளியை, பார்ப்பவரை அன்று. தொடக்கப் புள்ளி மூன்று மீட்டர் பின்னே சென்றால்தான் பார்ப்பவர் மூன்று மீட்டர் முன்னே வந்ததாகத் தெரியும். த்ரீ.ஜேஎஸ், ஏ-ஃப்ரேம் இரண்டிலும் கேமராவை ஒரு குழுவுக்குள் வைத்து அந்தக் குழுவை நகர்த்துவது வழக்கம்; குறியீட்டுக் குழப்பம் அங்கே இல்லை. கேமராவின் இடத்தை நேரடியாக மாற்றினால் அடுத்த ஃப்ரேமிலேயே உலாவி தந்த மதிப்பு அதன் மேல் எழுதப்பட்டுவிடும்.

உருவளவும் கண்ணின் இடத்தோடு பிணைந்தது. சாதாரணத் திரையில் ஒரு நாற்காலியின் உயரம் 0.9 என்றாலும் 90 என்றாலும், கேமராவைத் தள்ளி வைத்துவிட்டால் ஒரே படம்தான். ஹெட்செட்டில் அப்படி ஏமாற்ற முடியாது, ஏனெனில் இரு கண்களுக்கும் இடையே 63 மில்லிமீட்டர் என்பது மாறாத அளவுகோலாக நிற்கிறது. சென்டிமீட்டரில் செய்த நாற்காலியை அப்படியே ஏற்றினால் 90 மீட்டர் உயரக் கட்டடத்தின் அடியில் நிற்பதுபோல் இருக்கும். முப்பரிமாண உருவங்களைச் சேமிக்கும் ஜிஎல்டிஎஃப் வடிவக் கோப்புகள் மீட்டரையே அலகாகக் கொள்கின்றன என்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. இதையே வேண்டுமென்று பயன்படுத்தவும் முடியும்: உலகம் முழுவதையும் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால், கண்ணிடைத் தொலைவை 63 சென்டிமீட்டராக விரித்ததற்குச் சமம்; பார்ப்பவர் தன்னை ஓர் அரக்கனாக உணர்ந்து, நகரம் ஒன்றை மேசை மேல் வைத்த மாதிரியாகக் காண்பார். ஆனால் கண்களின் இடைவெளியை மட்டும் தனியே பிடித்து இழுத்து இதைச் செய்ய முயல வேண்டாம். உலகைச் சுருக்குங்கள், கண்களை விட்டுவிடுங்கள்.

ஒரே கண்ணா, இரு கண்களா

வரையும் வேலைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கண்ணின் இடம் வேண்டும் என்பதில்லை. எங்கே எது வேண்டும் என்று பிரித்தறிவதில்தான் அனுபவம் தெரியும். பளபளப்பான கிண்ணத்தின் மேல் விழும் ஒளிப்பொட்டு, பார்க்கும் கண்ணின் இடத்தைப் பொறுத்து நகரும். எனவே ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரலான ஷேடருக்குள் அனுப்பும் கேமரா இடம் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரு கண்களுக்கும் நடுப்புள்ளியையே அனுப்பினால் ஒளிப்பொட்டு கிண்ணத்தின் மேல் பூசிய வெள்ளை வண்ணம்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். உலோகம் உலோகமாகத் தெரியாது.

எப்போதும் பார்ப்பவரை நோக்கித் திரும்பி நிற்கும் பெயர்ப்பலகைக்கு இதன் எதிர்நிலை. அதை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருப்பினால், இரு கண்களும் இரண்டு வெவ்வேறு பலகைகளைப் பார்க்கும். அங்கே தலையின் நடுப்புள்ளியை நோக்கி ஒரே முறை திருப்பிவிட்டு, இரு கண்களுக்கும் அதையே காட்ட வேண்டும். பார்வைக்கு வெளியே இருக்கும் பொருள்களை நீக்கும் கணக்கையும் ஒரே முறை செய்தால் போதும், த்ரீ.ஜேஎஸ் இரு கண்களின் கூம்புகளையும் உள்ளடக்கிய ஒரு பெரிய கூம்பைக் கட்டி அதைக் கொண்டே கழித்துவிடுகிறது. வானத்துக்கோ கண்ணின் இடமே தேவையில்லை, திசை மட்டும் போதும். அணியிலிருந்து இடப்பெயர்வை எடுத்துவிட்டால் வானம் எல்லையற்ற தொலைவில் நிற்கும்.

இரு கண்களுக்கும் தனித்தனியே எடுத்த 360 பாகை ஒளிப்படம் இவற்றில் தனி வகை. அதில் கண்களின் இடம் படம் எடுத்த நேரத்திலேயே உறைந்துவிட்டது. பார்ப்பவர் தலையை நிமிர்த்தி இடவலமாகத் திரும்பும்வரை நன்றாக இருக்கும். தோள் பக்கம் சாய்த்தால், மேலே கண்ட 16 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தை அந்தப் படத்தால் தர முடியாது. இது நிரலால் தீர்க்கக்கூடிய குறை அன்று.

நேரமும் இங்கே முக்கியம். உலாவி தரும் நிலை இந்தக் கணத்தின் தலையைச் சொல்வதன்று. படம் திரையில் ஒளிரும் கணத்தில் தலை எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பு. வினாடிக்கு 100 பாகை வேகத்தில் தலை திரும்பும்போது 20 மில்லிவினாடி தாமதித்தாலே 2 பாகை பிழை வந்துவிடும். ஆகவே ஒரு ஃப்ரேமில் வாங்கிய நிலையைச் சேமித்து வைத்து அடுத்த ஃப்ரேமில் பயன்படுத்தக் கூடாது. அசைவை மென்மையாக்குகிறேன் என்று முந்தைய நிலைகளோடு சராசரி எடுப்பதும் அதே பிழைதான். திரையில் மென்மை, உடலில் குமட்டல். சில நேரம் தலையின் இடத்தைக் கருவியால் அறிய முடியாமல் நிலையே கிடைக்காது. அந்த ஃப்ரேமை வரையாமல் விட்டுவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

இரு கண்களின் இடங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டால் பார்ப்பவரின் கண்ணிடைத் தொலைவு ஒரு வலைப்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். அது அவருடைய உடலின் அளவு. ஒருவரை அடையாளம் காண உதவும் துணுக்குகளில் ஒன்றாகவும் ஆகலாம். வரைவதற்கு அப்பால் அந்த எண்ணைச் சேமிக்கவோ வழங்கிக்கு அனுப்பவோ நமக்கு எந்தத் தேவையும் இல்லை. கண் எங்கே இருக்கிறது என்பது வேறு, எதைப் பார்க்கிறது என்பது வேறு. பின்னதை வெப்எக்ஸ்ஆர் தருவதில்லை. பார்வையால் சுட்டும் ஆப்பிள் விஷன் புரோவில்கூட, விரல்களைக் கிள்ளும் அந்த நேரத்தில் மட்டுமே பார்த்த திசை பக்கத்துக்குச் சொல்லப்படுகிறது.

எழுதிய நிரலைச் சோதிக்க, ஹெட்செட் இல்லாதவர்கள் குரோமில் நிறுவக்கூடிய, ஹெட்செட்போல் நடிக்கும் இம்மர்சிவ் வெப் எமுலேட்டரைப் பயன்படுத்தலாம். அணிகளின் எண்களை அச்சிட்டுப் பார்க்கவும், தலையைச் சாய்த்து இரு கண்களின் ஒய் மதிப்புகள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கவும் அது போதும். ஆழத்தை உணர்ந்து பார்க்க உண்மையான கருவியே வேண்டும். கருவி கிடைத்ததும் முதலில் பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம் ஒன்றை முகத்திலிருந்து அரை மீட்டரில் வைத்து, அதைச் சுற்றித் தலையைத் திருப்பியும் சாய்த்தும் பாருங்கள். அதன் விளிம்புகள் இரட்டிக்காமல், தலையோடு நகராமல் நின்றால் கண்களின் இடமும் திசையும் சரி. கனசதுரத்தின் முன்முகம் உட்குழிந்து, பின்முகம் முன்னே வந்ததுபோல் தோன்றினால், இடக் கண்ணின் படம் வலக் கண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.